பழைய ரேஸ் சைக்கிள்: முதலில் பற்களை எண்ணுங்கள், பிறகு கியர் லீவரைத் தேடுங்கள்

1970களின் ஐரோப்பிய ரேஸ் சைக்கிளில் ஏறியவர் முதல் மேட்டிலேயே திணறினால் குறை அவர் காலில் இல்லை. பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரங்களில் 52, 42 பற்கள், பின் பல்சக்கரங்களில் 13 முதல் 21 வரை: போட்டி வீரர்களுக்காகப் போட்ட கணக்கு அது. மிக இலகுவான கியரில் 42-ஐ 21-ஆல் வகுத்தால் 2. டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக, பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி 4.2 மீட்டர் போகும். பின்னால் 28 பற்கள் போட்டால் அது 3.15 மீட்டராகிவிடும், மிதிக்க வேண்டிய பலம் நான்கில் ஒரு பங்கு குறையும்.

முன்பக்கத்தை மாற்றலாம் என்றால், அக்கால இத்தாலிய நிறுவனமான காம்பன்யோலோவின் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) முன் பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமரும் வட்டத்தின் விட்டம் 144 மி.மீ. அதில் 41 பற்களுக்குக் கீழே பல்சக்கரம் பொருந்தாது. எனவே பின்பக்கம்தான் வழி.

ஃப்ரீவீல் (பின் பல்சக்கரங்களின் தொகுதி) வாங்குமுன், அது முறுக்கி ஏறும் ஹப்பின் (பின்சக்கரத்தின் மையப் பகுதி) மரையைப் பாருங்கள். ஆங்கில, இத்தாலிய மரைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பழைய பிரெஞ்சு ஹப் வேறு: 34.7 மி.மீ விட்டம், மரை இடைவெளி 1 மி.மீ. மாற்று மரையை வலிந்து முறுக்கினால் அலுமினிய ஹப் வீணாகிவிடும். புதிய ஃப்ரீவீலை மாட்டியதும் செயினைப் பெரிய முன் பல்சக்கரத்திலும் பெரிய பின் பல்சக்கரத்திலும் போட்டு, பெடலைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். செயின் விறைத்து நின்றால் நீளம் போதாது. அப்படியே ஓட்டினால் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவி) பிய்ந்துவிடும். அதன் மேல் உருளை பற்களில் உரசினால் அந்த டிரெய்லியருக்கு 28 அதிகம், 26-க்கு இறங்குங்கள்.

இனி, கேபிளால் டிரெய்லியரை இழுக்கும் லீவர். டிரெய்லியரின் ஸ்பிரிங் எப்போதும் செயினைச் சிறிய பல்சக்கரத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண உராய்வு லீவரில் அந்த இழுப்பைத் தடுப்பது ஒரு திருகின் இறுக்கம் மட்டும்தான். திருகு தளர்ந்திருக்கும்போது எழுந்து நின்று மிதித்தால், ஃப்ரேம் வளைய, லீவர் நழுவி, செயின் தானாகவே கீழிறங்கிவிடும். இறுக்கினாலோ, பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது விரல் ஸ்பிரிங்கையும் உராய்வையும் சேர்த்தே வெல்ல வேண்டும். சன்டூர் நிறுவனத்தின் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பூட்டும் பல்லமைப்பு) லீவர் இதை அழகாகத் தீர்த்தது. இழுக்கும் திசையில் ராட்செட் தடையின்றி நகரும். உராய்வு திரும்பும் திசையில் மட்டுமே பிடிக்கும். சிம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே ஒரு சுருள்வில்லால் சாதித்தது. பழைய வண்டிக்கு இவ்விரண்டையும் மிஞ்சிய லீவர் இல்லை.

ஷிமானோ நிறுவனம் 1984-இல் தன் டூரா-ஏஸ் 7400 என்ற ரேஸ் பாக வரிசையில் கொண்டுவந்த 'க்ளிக்' லீவர் (ஒரு க்ளிக்குக்கு ஒரு கியர்) வசதியானதுதான். ஆனால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் கேபிள் நகரும் நீளமும், டிரெய்லியர் நகரும் தூரமும், ஃப்ரீவீல் பல்சக்கரங்களின் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். ஷிமானோவுக்குள்ளேயே அந்த 7400 வரிசையின் இழுப்புக் கணக்கு மற்றவற்றோடு சேராது. கலந்து மாட்டினால் முதல் கியரில் சரியாக நிற்கும், நான்காவதில் கரகரக்கும். உராய்வு லீவருக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. எந்த ஃப்ரீவீலானாலும் ஏற்கும். ஏற்றும்போது மட்டும் தேவைக்குச் சற்று அதிகமாக இழுத்து, செயின் பற்களைக் கவ்வியதும் சத்தம் அடங்கும் வரை மெல்லத் திருப்பிவிட வேண்டும்.

மாட்டி முடித்ததும் செயினைப் பெரிய பின் பல்சக்கரத்தில் வைத்து, எழுந்து நின்று அழுத்தி மிதித்துப் பாருங்கள். லீவர் நழுவினால் திருகைக் கால் சுற்று இறுக்கி மறுபடி மிதியுங்கள்.