நன்றாகச் சூடு பண்ணினால் போதாது: மொத்தமாகச் சமைத்து வைப்பவர்கள் கவனத்துக்கு

"நல்லா கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணித்தான் டாக்டர் குடுத்தேன்."

வாந்தியெடுத்துத் துவண்டுபோன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பெற்றோர் வாயிலிருந்து இந்த வாக்கியத்தை எத்தனை முறைதான் கேட்பது! இந்த வாரமும் கேட்டேன். அம்மா அப்பா இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். கடையில் வாங்கித் தின்பதை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து, விடுமுறை நாளில் மூன்று நாளைக்குச் சேர்த்துச் சமைத்தவர்கள். காய்கறி, எண்ணெய், உப்பு எல்லாவற்றிலும் அக்கறை காட்டியிருக்கிறார்கள். மதியம் வடித்த சோறு மட்டும் பெரிய பாத்திரத்தில் மூடி போட்டபடி இரவு படுக்கப் போகும்வரை சமையல் மேடையிலேயே இருந்திருக்கிறது. பிறகுதான் ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்கிறது. மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சமைப்பதை விட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போகும் குடும்பம் தினமும் மூன்று வேளையும் புதிதாகச் சமைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரு நாள் சமைத்து நாலு வேளைக்கு வைத்துக்கொள்வது நல்ல வழி. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் உங்கள் கையில் இருக்கும் சமையலுக்கு ஈடு எதுவும் இல்லை. சமைத்து முடித்த பிறகு வரும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் என் ஆதங்கமெல்லாம்.

சூடு பண்ணினால் கிருமி செத்துவிடும், பிறகென்ன என்கிறார்கள். கிருமி சாகும், சரி. கிருமி இரவெல்லாம் உணவில் கக்கி வைத்த நஞ்சு எங்கே போகும்?

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா ஸ்போர் வடிவத்தில் சாதாரணமாகவே இருக்கும். ஸ்போர் என்றால் கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை. சோறு கொதிக்கும்போதும் அது சாவதில்லை. கொதி அடங்கி, சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போது விழித்துக்கொண்டு பெருகும். பெருகும்போது செரியூலைடு என்ற நஞ்சைச் சுரக்கும். இந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. வீட்டுப் பிரஷர் குக்கர் எட்டக்கூடிய உச்ச வெப்பமே ஏறக்குறைய அவ்வளவுதான். வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டுவதும் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைப்பதும் அதை என்ன செய்துவிடும்? 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த வாந்தி நோயை அடையாளம் கண்டதே, வெளியில் ஆறவிட்ட சோற்றை மறுபடி வறுத்துப் பரிமாறிய உணவகங்கள் வழியாகத்தான்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் விஷயமும் இப்படித்தான். விரலில் சின்ன வெட்டுக்காயமோ கொப்புளமோ இருக்கிற கையால் உணவைப் பிசைந்து வெளியில் வைத்தால், அது விடும் நஞ்சும் சூட்டுக்கு மசியாது.

அடுத்து வரும் வாதம், "வாசனை நல்லாத்தான் இருந்துச்சு, கெட்டுப்போகலை" என்பது. தயவுசெய்து மூக்கை நம்பாதீர்கள். உணவைப் புளிக்கவைத்து நாற்றமெடுக்கச் செய்யும் கிருமிகள் வேறு, நம்மைப் படுக்கவைக்கும் கிருமிகள் வேறு. செரியூலைடுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

(நோயாளியிடம் நான் முதலில் கேட்பது நேரத்தைத்தான். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பெரும்பாலும் உணவிலேயே இருந்த நஞ்சு. எட்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து வயிற்றுப் பிடிப்பும் பேதியும் என்றால் பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறிய இறைச்சிக் குழம்பையோ பருப்பையோ சந்தேகிப்பேன். குளோஸ்ட்ரிடியம் பர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா, 40 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெதுவெதுப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆனால் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதை மட்டுமே சொல்வார்கள். குற்றவாளி பல நேரம் அதற்கு முந்தைய வேளையில் இருப்பான்.)

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு எளிமையானது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் ஆபத்து. சமைத்த உணவு இந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. அறையே 32 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்றால் ஒரு மணி நேரம்தான் கெடு என்கிறது அமெரிக்க வேளாண் துறை.

"சூடா ஃப்ரிட்ஜ்ல வச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்னு சொன்னாங்க" என்று கேட்பீர்கள். பிள்ளை கெட்டுவிடக் கூடாது என்பதுதானே முக்கியம்? கொதிக்கும் அண்டாவை அப்படியே உள்ளே தள்ளச் சொல்லவில்லை. உணவைப் பிரித்து, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான தட்டுகளிலோ டப்பாக்களிலோ பரப்புங்கள். அவசரமென்றால் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்துக் கிளறுங்கள். ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். பெரிய பாத்திரத்தை மூடியோடு வைத்தாலோ, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

சோற்றுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். பிரிட்டனின் உணவுத் தர முகமை, ஒரு மணி நேரத்துக்குள் குளிரவைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிடச் சொல்கிறது. என்னைக் கேட்டால் சோற்றை முன்கூட்டிச் சமைக்கவே வேண்டாம். இருபது நிமிட வேலை அது. குக்கரில் வைத்துவிட்டுக் குளித்து வரலாம். முன்கூட்டிச் செய்ய வேண்டியவை உண்மையிலேயே நேரம் தின்னும் வேலைகள்: காய் நறுக்குவது, பயறு வேகவைப்பது, வெங்காயம் தக்காளி வதக்கி வைப்பது, இறைச்சியை வேகவைத்துப் பிரித்து உறையவைப்பது. ஓடோடு வேகவைத்த முட்டை ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மற்ற சமைத்த உணவுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர். உறையவைத்த பட்டாணியையும் கீரையையும் சத்தில்லாதவை என்று ஒதுக்காதீர்கள், பறித்த சூட்டில் உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அவசரக் குடும்பத்துக்கு அவை பெரிய துணை.

நேரம் மிச்சப்படுத்தச் செய்யும் இரண்டு காரியங்களைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பதறுகிறது.

ஒன்று, பூண்டை அரைத்தோ உரித்தோ எண்ணெயில் மூழ்கவைத்து மேடையிலேயே வாரக்கணக்கில் வைப்பது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, பூண்டில் போதிய புளிப்பும் இல்லை. பொட்டுலினம் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் பலர் பொட்டுலிசத்துக்கு ஆளானது இப்படி வைத்த பூண்டால்தான். மூச்சுத் தசையையே முடக்கும் நோய் அது. சின்ன அளவில் செய்யுங்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள், நான்கு நாளில் முடியுங்கள். அல்லது எண்ணெய் ஊற்றாமல் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைத்துவிடுங்கள்.

மற்றொன்று, ராஜ்மாவை ஊறப்போட்டுவிட்டு நேரே ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நான்கைந்து பயறிலேயே கடுமையான வாந்தியைத் தரும். 80 டிகிரி அளவில் மந்தமாக வெந்தால் அந்த நச்சுத்தன்மை பச்சைப் பயறைவிடக் கூடிவிடக்கூடும். ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு ஸ்லோ குக்கரில் போடுங்கள், தடையில்லை.

மீண்டும் சூடாக்கும்போது அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். முழுப் பாத்திரத்தையும் தினமும் வெளியே எடுத்து, சூடாக்கி, ஆறவிட்டு, உள்ளே தள்ளும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது, பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி வையுங்கள். பச்சை இறைச்சி நறுக்கிய பலகையில் வெந்ததை வைக்காதீர்கள். கையில் காயம் இருந்தால் மூடிக் கட்டிவிட்டுச் சமையுங்கள். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள், மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் இருந்தால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சந்தேகம் வந்த உணவைக் கொட்டிவிடுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், கருவிலிருக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். உணவை வீணாக்க மனம் வராது என்பது புரிகிறது. கொஞ்சமாகச் சமைப்பதே அதற்கு வழி.

அப்படியும் வாந்தி பேதி வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுக, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள், நஞ்சை அது ஒன்றும் செய்யாது. மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, பார்வை இரட்டையாகத் தெரிவது, விழுங்கச் சிரமப்படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது கடந்த இரண்டு நாளில் வீட்டில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள், அது எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். பல பரிசோதனைகளைவிட அந்தத் தாள் எங்களுக்கு அதிகம் சொல்லும்.