புது டயரை ஏன் சீவுகிறார்கள்?

அமெரிக்காவில் காரைப் பந்தய டிராக்கில் ஓட்டுகிறவர்கள் சிலர், புத்தம் புது டயரை மெஷினில் சுழலவிட்டு, கத்தியால் அதன் பட்டனை, அதாவது தரையைத் தொடும் மேடான ரப்பர் கட்டிகளை, சீவச் சொல்கிறார்கள். 8 மில்லிமீட்டர் ஆழத்தோடு வந்த பட்டன் 4 மில்லிமீட்டராகிவிடும். இதற்குத் தனிக் கூலி வேறு. ஆனால் பாதி ரப்பரை இழந்த அந்த டயர், காய்ந்த டிராக்கில் புது டயரைவிட நன்றாகப் பிடிக்கும். பல நேரம் அதைவிட அதிகமாக உழைக்கவும் செய்யும்.

காரணம் தெரிய வேண்டுமென்றால் டயர் எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் ஒரு டயர் சுமப்பது சுமார் 250 கிலோ. உள்ளே காற்றின் அழுத்தம் 32 பிஎஸ்ஐ (பங்கில் காற்றடிக்கும்போது சொல்லும் அளவு), அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால் டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 110 சதுர செ.மீ., ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக், திருப்பம், வேகம் எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் நடக்கின்றன.

அந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ரப்பரின் மூலக்கூறுகள் தரையோடு ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன. இதற்குத் தரை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். இன்னொன்று, தார்ச்சாலையின் ஜல்லி மேடுகளுக்கு நடுவே ரப்பர் அமுங்கி இறங்குகிறது. டயர் லேசாக நழுவும்போது ஒவ்வொரு மேட்டின் மேலும் ரப்பர் ஏறி இறங்க வேண்டும். ஏறும் பக்கம் அழுத்தமாக மோதுகிறது. இறங்கும் பக்கமோ, ரப்பர் பழைய வடிவத்துக்குச் சட்டென்று திரும்பாததால் அங்கே அழுத்தம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வுதான் நழுவலை எதிர்க்கும் விசை. திரும்பிக் கிடைக்காத அந்த சக்தி சூடாக மாறிவிடுகிறது. சூடு இல்லாமல் பிடிப்பு இல்லை.

அப்படியென்றால் நன்றாகப் பிடிக்கும் டயர் பெட்ரோலையும் குடிக்கத்தானே வேண்டும்? முன்பெல்லாம் அப்படித்தான். ஆனால் மணிக்கு 90 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறைதான் சுற்றுகிறது. சாலையின் நுண்ணிய மேடுகளோ ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் அதிரவைக்கின்றன. மெதுவான அசைவில் சக்தியை வீணாக்காமல், வேகமான அதிர்வில் மட்டும் வீணாக்கும் ரப்பர் கிடைத்தால் இரண்டு பக்கமும் லாபம். கார்பன் கருப்புக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்து பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் 1992இல் கொண்டுவந்த டயர் இந்த வழியில்தான் வந்தது. டயர் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, சீவுவதற்கு வருவோம். ரோட்டு டயரின் பட்டன்கள் உயரமானவை. வேகமாக வளைவில் திரும்பும்போது ஒவ்வொரு பட்டனும் பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்கிறது. அந்த அசைவு பிடிப்புக்கு உதவாது, சூட்டை மட்டும் கூட்டும். ரப்பர் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தடித்த பட்டனின் உள்ளே சூடு மாட்டிக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் மேல்பரப்பு குழைந்து வழுக்கும், அப்புறம் பட்டனின் ஓரங்கள் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். உயரத்தைப் பாதியாக்கினால் அதே விசைக்குச் சாய்வு பாதிக்கும் கீழே வந்துவிடும். சூடு குறையும், ஸ்டியரிங்குக்கு டயர் உடனே பதில் சொல்லும்.

டிராக்குக்கென்றே செய்த மென்மையான டயர்களின் பிரச்சினை நேர்மாறானது. பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸில்தான் அவை முழுப் பிடிப்பைக் கொடுக்கும். ஆபீஸ் போகும் வழியில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. சூடேறி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் கொஞ்சம் இறுகுவதால், பட்டன் மீதமிருக்கும்போதே பிடிப்பு போய்விடும். அகலமான டயர் போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. காற்றழுத்தம் மாறாவிட்டால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக அதிகரிக்காது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். திருப்பங்களில் அதனால் பலன் உண்டு, ஆனால் பலரும் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை.

காசில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் காற்றழுத்தம்தான். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. காலையில் 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு அங்கே இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில சுற்றுகளில் உள்ளே இருக்கும் காற்று 80 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் 40 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் போய்விடும். டயரின் நடுப்பகுதி புடைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். நைட்ரஜன் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரப்பதம் இல்லாதது அதன் ஒரு சிறு நன்மை.

அதனால் குறைவான அழுத்தத்தில் தொடங்கி, பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் காரை நிறுத்திப் பார்க்கும் இடம்) திரும்பியவுடன், ஆறுவதற்கு முன்பே அளக்க வேண்டும். ஊசி வெப்பமானி இருந்தால் பட்டனின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் குத்திப் பார்க்கலாம். நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் சூடாக இருந்தால் குறைவு. வெளி ஓரம் மட்டும் கொதித்தால் சக்கரத்தின் மேல்பகுதியை இன்னும் உள்பக்கம் சாய்க்க வேண்டும் என்று பொருள். வெப்பமானி இல்லையா? டயரின் தோளில், அதாவது பட்டன் முடிந்து பக்கவாட்டுக்கு வளையும் இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி ஓடுகிறது, காற்றை ஏற்ற வேண்டும்.

என் கருத்து இதுதான்: ஒரே காரை ரோட்டுக்கும் டிராக்குக்கும் வைத்திருப்பவர் முதலில் நல்ல ரோட்டு டயரில் அழுத்தத்தைச் சரிசெய்து ஓட்டிப் பழகட்டும். டயர் பிய்ந்துபோகும் அளவுக்கு வேகம் வந்த பிறகு, டிராக்குக்குத் தனியாக நான்கு சக்கரங்கள் வாங்கலாம். சீவிய டயரை ரோட்டில் ஓட்டவே கூடாது. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியேற்றத்தான்.

காற்றைக் குறைத்த கையோடு வீடு திரும்புவதும் அதே அளவு ஆபத்து. விமான டயர்களை வைத்து நாசா கண்டறிந்த ஒரு கணக்கு உண்டு. பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், பள்ளத்தால் வடிக்க முடியாத தண்ணீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது தோராயமாகத் தெரியும். 32 பிஎஸ்ஐக்கு மணிக்கு 94 கிலோமீட்டர், 26 பிஎஸ்ஐக்கு 85. இருங்காட்டுக்கோட்டையை விட்டு வெளியே வந்தால் பெங்களூர் நெடுஞ்சாலை. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும், எல்லோரும் 85க்கு மேல்தான் போவார்கள். டயர் ஆறும்வரை காத்திருந்து, பட்டனில் பிய்ந்த இடம் இருக்கிறதா என்று பார்த்து, கார்க் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.