'சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம்' என்று சொன்னால் போதுமா?

"இந்த எபிசோடில் சிலரைப் பாதிக்கக்கூடிய விஷயங்கள் வருகின்றன." குற்றக் கதை சொல்லும் பாட்காஸ்ட்களில் இப்படி ஒரு வரியோடு தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. சொல்பவர் கடமையை முடித்துவிட்டுக் கதைக்குள் போய்விடுகிறார். கேட்பவருக்குக் கிடைப்பது பல நேரம் கொஞ்சம் படபடப்பு மட்டும்தான்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டோரியா பிரிட்ஜ்லாந்தும் அவருடைய சகாக்களும் இத்தகைய எச்சரிக்கைகளைப் பற்றிய 12 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி அலசினார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. எச்சரிக்கை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும், அந்த விஷயத்தைப் பார்த்தபோது வந்த மனவேதனையில் வித்தியாசம் இல்லை. பார்ப்பதற்கு முன்னால் வரும் பதற்றம் மட்டும் எச்சரிக்கை பெற்றவர்களுக்குக் கூடியிருந்தது. சரி, அவர்கள் விலகிப் போனார்களா என்றால், சராசரியில் அதுவும் பெரிதாக நடக்கவில்லை.

அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா? அந்த முடிவுக்கு அவசரப்பட்டுப் போக மாட்டேன். எச்சரிக்கையை வலிநிவாரணியாக எதிர்பார்த்தால் அது தோற்கும். எது, எங்கே, எவ்வளவு நேரம் என்ற தகவலாகப் பார்த்தால் கதை வேறு. அதிலும் ஒலிக்கு இந்தத் தகவல் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் நாம் துள்ளுகிறோம் அல்லவா? செவி நரம்பிலிருந்து கிளம்பும் சமிக்ஞை மூளைத்தண்டு வழியாக நேரே தசைகளுக்குப் போய்விடுகிறது. நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆவதற்குள் கண் இமைக்கத் தொடங்கிவிடும். அது என்ன சத்தம் என்று யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். ஏற்கெனவே பயந்திருப்பவர் இன்னும் பலமாகத் துள்ளுவார், ஏனென்றால் மூளையில் அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலா இந்த அனிச்சைச் செயலைத் தூக்கிவிடுகிறது. எழுத்தில் வேண்டாத பத்தியை ஒரு பார்வையில் தாண்டலாம். பேச்சில் அடுத்த வாக்கியம் என்ன என்பது அது காதில் விழுந்த பிறகே தெரியும். பாட்காஸ்ட் கேட்பவரின் கை பெரும்பாலும் ஸ்டீயரிங்கிலோ பாத்திரத்திலோ இருக்கும், நிறுத்தக்கூட முடியாது. ஹெட்போனில் கேட்டாலோ, குரல் தலைக்குள்ளிருந்தே வருவது போல இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். 1968இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு குழுக்களுக்கும் மின்னதிர்ச்சி உண்டு. ஒரு குழுவுக்கு அதிர்ச்சிக்கு முன் ஒரு சமிக்ஞை வரும், மற்றதற்கு எப்போது வேண்டுமானாலும் அதிர்ச்சி வரும். சமிக்ஞை பெற்ற எலிகள் அது வந்த நேரத்தில் மட்டும் உறைந்தன, மற்ற நேரத்தில் வழக்கம்போல நெம்புகோலை அழுத்தி உணவு எடுத்துக்கொண்டன. மற்ற குழு அந்த வேலையையே விட்டுவிட்டது, அவற்றின் வயிற்றில் புண்ணும் வந்தது. சமிக்ஞையின் பெரிய லாபம் ஆபத்தைச் சொல்வதில் இல்லை. அது வராத நேரமெல்லாம் பத்திரமான நேரம் என்று ஆகிவிடுகிறதே, அதில்தான் இருக்கிறது. மனிதர்களிடமும் இதையொத்த போக்கு தெரிந்தது. அச்சத்தை ஆராயும் உளவியலாளர் கிறிஸ்டியன் கிரில்லன் குழுவினர் இமைத் துடிப்பை அளந்து பார்த்தபோது, எப்போது வரும் என்று தெரியாத அதிர்ச்சியை எதிர்பார்த்தவர்கள் சமிக்ஞை இல்லாத இடைவெளிகளிலும் அதிகமாகத் துள்ளினார்கள்.

பாட்காஸ்ட் வேறு, மின்னதிர்ச்சி வேறு. இரண்டையும் இணைப்பது என் ஊகம்தான். ஆனாலும் ஒரு மணி நேர எபிசோடின் தலையில் மொட்டையாக ஓர் எச்சரிக்கை வைத்தால், 60 நிமிடமும் 'எப்போது வருமோ' என்ற நிலை. "18ஆம் நிமிடத்திலிருந்து 22ஆம் நிமிடம் வரை ஒரு குழந்தையின் மரணம் பற்றிப் பேசுகிறோம்" என்றால் 56 நிமிடத்தை நிம்மதியாகக் கேட்கலாம்.

இங்கேதான் தொழில்நுட்பம் காலை வாருகிறது. இப்போது பல பாட்காஸ்ட்களில் விளம்பரங்கள் நிரந்தரமாகச் சேர்க்கப்படுவதில்லை. எபிசோடைத் தரவிறக்கும்போது சர்வர் ஆளுக்கு ஏற்றபடி செருகுகிறது. எனக்கு 18ஆம் நிமிடத்தில் வருவது உங்களுக்கு 20ஆம் நிமிடத்தில் வரலாம், எபிசோடுக்குக் கீழே தரும் குறிப்பில் எழுதிய நேரம் பொய்யாகிவிடும். எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் பட்டியலான பாட்காஸ்ட் ஃபீடில் வழக்கமாக இருக்கும் 'எக்ஸ்ப்ளிசிட்' (எல்லாருக்கும் ஏற்றதல்ல) என்ற குறியீடோ ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களோடு சரி. கெட்ட வார்த்தைக்கும் கொலை விவரிப்புக்கும் அதில் ஒரே முத்திரை. ஆகவே நேரத்தை எழுதுவதோடு, அந்தப் பகுதி வருவதற்குச் சற்று முன்னால் வாயாலும் சொல்லிவிடுவது நல்லது: "அடுத்த நான்கு நிமிடம் இதைப் பற்றித்தான், மணிச் சத்தம் கேட்டதும் திரும்ப வாருங்கள்." அலறல், துப்பாக்கிச் சத்தம் போன்றவை இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பிரச்சினை பேசும் பொருள் அல்ல, துள்ளல்.

எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. ஒருவருக்குப் பழைய நினைவைக் கிளறுவது கதவு சாத்தும் ஓசையாகவோ ஒரு பாட்டாகவோ இருக்கலாம், எந்தப் பட்டியலிலும் அது அடங்காது. கதையின் திருப்பம் வெளியே தெரிந்துவிடும் என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், குறிப்பில் தனியாக எழுதி வைத்தால் வேண்டியவர் மட்டும் படிப்பார். தற்கொலை விஷயத்தில் மட்டும் விவரம் கூடக் கூட நல்லது என்ற கணக்கு செல்லாது. முறையை விவரிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லியிருக்கிறது, அது எச்சரிக்கை வாசகத்துக்கும் பொருந்தும். பேச்சு எதைப் பற்றியது, எப்போது முடியும், உதவிக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற மூன்றும் அங்கே போதும்.