கண் தெரிகிற பெண்ணுக்குப் பார்வையற்றோர் உதவித்தொகையா?

பார்வைப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரி வரை தடுமாறாமல் வாசித்தாள் அந்தப் பெண். 6/9. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பார்வை. எழுந்து கதவுப் பக்கம் போனபோது நடுவில் கிடந்த முக்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். "கண்ணைத் திறந்து பார்த்து நடம்மா" என்றார் அப்பா. அவள் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

அவளுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டே வரும் பரம்பரை நோய். முதலில் இரவில் தெரியாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். நடுப்பார்வை மட்டும் பல ஆண்டுகள் தெளிவாகவே நிற்கும். நேராகப் பார்க்கும்போது எவ்வளவு அகலம் தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தபோது அவளுக்கு மிஞ்சியிருந்தது சுமார் 12 டிகிரி. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது மறைக்கும் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்த முஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை வழியாகத்தான் அவள் உலகத்தைப் பார்க்கிறாள். நமக்கு இரு கண்ணும் சேர்த்துக் கிட்டத்தட்ட 180 டிகிரி.

கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பார்வையற்ற மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமே என்றேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "என்ன டாக்டர், பொண்ணுக்குக் கண்ணு தெரியுது. பொய் சொல்லிப் பணம் வாங்கச் சொல்றீங்களா?"

என் அறையில் ஆண்டுக்குப் பலமுறை கேட்கும் கேள்வி இது. முழு இருட்டில் இருப்பவர்களைவிட, பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருப்பவர்கள்தான் இந்த உதவித்தொகைகளை அதிகம் தவறவிடுகிறார்கள். தங்களுக்கும் அது உண்டு என்றே அவர்களுக்குத் தெரிவதில்லை.

'பார்வையற்றவர்' என்பது விண்ணப்பத்தில் ஓர் அளவு. நாட்டுக்கு நாடு மாறும் அளவு. அமெரிக்கச் சட்டப்படி, நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 20/200 அல்லது அதற்கும் கீழே இருந்தால் பார்வையற்றவர். நம் கணக்கில் அது 6/60: மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் 6 மீட்டரில் பார்க்கிறார். அல்லது, பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் அகலம், 20 டிகிரிக்கு மேல் இல்லையென்றாலும் போதும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்வையின்மைக்கு 3/60-க்கும் கீழே, அல்லது புலம் 10 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். அதே 6/60-உம், இந்தப் பெண்ணின் 12 டிகிரியும் இங்கே 'குறைபார்வை' என்ற தனி வகையில் வரும். அந்த வகைக்கும் சலுகைகள் உண்டு. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றாக வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பார்வையற்றோரே நடத்தும் நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் தி பிளைண்ட், கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. அவர்களும் கேட்பது சட்டப்படியான பார்வையின்மையைத்தான், முழு இருட்டை அல்ல.

அளவுகோல் எதுவானாலும் 'நல்ல கண்ணில்', 'கண்ணாடியோடு' என்ற இரண்டும் பெரும்பாலும் கூடவே வரும். ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருப்பவருக்கோ, மைனஸ் 18 பவர் போட்டு 6/6 வாசிப்பவருக்கோ இது கிடைப்பது கடினம். இதை முகத்துக்கு நேராகச் சொல்வது எனக்கே சங்கடம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நாலு அலுவலகம் அலைந்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட மேல்.

அப்பா ஒருவழியாகச் சம்மதித்தார். அடுத்து சொதப்பியது நான்.

வழக்கமாக எழுதும் கடிதத்தையே எழுதிக் கொடுத்தேன். நோயின் பெயர், இரு கண்ணிலும் 6/9, அடியில் கையெழுத்து, முத்திரை. ஃபீல்டு டெஸ்ட் படத்தைத் தனியாக இணைத்திருந்தேன். விண்ணப்பம் திரும்பி வந்தது: 'பார்வை போதுமான அளவில் உள்ளது.' கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் கண் மருத்துவர் அல்ல. கறுப்பும் சாம்பலுமாக ஒரு வட்டப் படத்தைப் பார்த்து அவர் என்ன புரிந்துகொள்வார்? அவர் கண்ணில் பட்ட எண் 6/9 மட்டும்தான். ஓராண்டு உதவி போயிற்று.

இப்போது முதல் வரியிலேயே முடிவை எழுதிவிடுகிறேன்: இந்த மாணவி இன்ன விதியின் இன்ன பிரிவின்படி தகுதி உள்ளவர், காரணம் பார்வைப் புலம் இத்தனை டிகிரி. 6/9 அதற்குப் பிறகுதான் வரும். நோய் இனி எப்படிப் போகும், வாசிக்க என்ன தேவை என்பதும் ஒரு வரி. 'எஃப்சி', 'ஹெச்எம்', 'பிஎல்' என்று நாங்கள் கிறுக்கும் குறிகளையும் விரித்தே எழுதுகிறேன்: விரல் எண்ணுவார், கை அசைவு தெரியும், வெளிச்சம் மட்டும் தெரியும். உங்கள் மருத்துவர் தரும் கடிதத்தில் புல அளவு எண்ணாக இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் கேளுங்கள்.

அப்புறம் விண்ணப்பப் படிவம். பார்வையற்றவருக்கான உதவித்தொகைக்கே ஸ்கேன் செய்த பிடிஎஃப் படிவம் வைப்பவர்கள் உண்டு. திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம். வாசிக்க அதில் எழுத்தே இல்லை. நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் கோணல் எழுத்து கேப்சா வேறு. ஒலி வடிவம் இல்லாத கேப்சா என்றால் அங்கேயே வண்டி நின்றுவிடும். என்விடிஏ போன்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் இருப்பதால் பல மாணவர்கள் மற்ற எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். இந்த ஒரு பெட்டிக்காக மட்டும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. கடைசி நாள் இரவில் அந்த யாராவது கிடைப்பதில்லை. படிவத்தைத் திறந்த அன்றே முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிற்கும் இடம் தெரிந்தால், வேறு வடிவம் தரச் சொல்லிக் கேட்க நேரம் இருக்கும்.

தொகை எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். கல்விக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. தேர்வில் இவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், புத்தகத்தை ஸ்கேன் செய்து திருத்தித் தருபவர், திரையில் உள்ளதை விரலால் தடவி வாசிக்கும் புள்ளிகளாக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளே, புது இடத்தில் தடியோடு நடக்கப் பயிற்சி என்று வரிசையாக வரும். கருவிகளுக்குத் தனி நிதி சில இடங்களில் உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். கேட்காமல் கொடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பெண் மறுபடி வந்தாள், இந்த முறை தடியோடு. புதுக் கடிதத்தை அடித்து முடித்ததும், "டாக்டர், பேப்பரோட ஃபைலாவும் அனுப்புங்க, படமா வேண்டாம்" என்றாள். அனுப்பினேன். அங்கேயே உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கக் கேட்டாள். இரண்டாவது பத்தியில் நிறுத்தி, "இடது கண்ணுக்குப் போட்ட நம்பரையே வலது கண்ணுக்கும் போட்டிருக்கீங்க" என்றாள்.

சரிபார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.