உங்கள் போனை யாரும் ஹேக் செய்யவில்லை

பனிக்காலம் முடிந்து மலைப்பாதைகள் திறந்ததும் எனக்கு ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கிவிடும். "மேடம், என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. நான் எங்க போறேன், எப்பப் போறேன்னு எல்லாம் அவனுக்குத் தெரியுது." டிஜிட்டல் பாதுகாப்பு ஆலோசனைதான் என் வேலை என்பதால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த வசந்தத்தில் இது கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது.

கடைசியாக வந்தவரின் கதை இது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வார இறுதியில் தனியாக மலைப்பாதையில் நடக்கப் போகிற பெண். உறவு முறிந்து விலகிய ஒருவர், இவர் காரை நிறுத்திவிட்டு இறங்கும் நேரம் பார்த்து, பாதை தொடங்கும் இடத்தில் 'தற்செயலாக' வந்து நிற்கிறார். ஒரு தடவை என்றால் தற்செயல். அடுத்தடுத்து நடந்தால்? இவர் பயந்துபோய் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினார், போனை ஃபேக்டரி ரீசெட் செய்தார், அப்புறம் புதுப் போனே வாங்கிவிட்டார். அந்த ஆள் அதற்குப் பிறகும் வந்து நின்றார்.

போனைச் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. பிறகு இவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணக்கிலிருந்து, இவர் நடையைப் பதிவு செய்யும் ஆப்பைத் திறந்து பெயரைத் தேடினேன். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், வரைபடத்தில் ஆரஞ்சுக் கோடு, கோடு தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பெரிதாக்கினால் கார் நிறுத்துமிடத்தின் எந்த மூலை என்றுகூடத் தெரிந்தது. தலைப்பு: 'வழக்கம்போல் சனி காலை நடை'. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த ஆளை பிளாக் செய்திருந்தார். இந்த ஆப்பும் ஒரு சமூக வலைதளம்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த ஹேக் பயத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போன விஷயம் இதுதான். ஒருவருடைய போனுக்குள் நுழைவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அதற்குப் பெரும் பணம் வேண்டும், அல்லது உங்கள் போன் கொஞ்ச நேரமாவது கையில் கிடைக்க வேண்டும், அல்லது நீங்களே யாரிடமோ ஓடிபியைச் சொல்ல வேண்டும். பகையோடு விலகிப்போன முன்னாள் காதலருக்கும், உங்கள் மேல் கண் வைத்திருக்கும் அலுவலக நண்பருக்கும் அந்தச் சிரமம் எதற்கு? நீங்கள் பூட்டைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வாசலிலேயே நீங்கள் வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பூட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

உங்களைத் தொந்தரவு செய்கிறவர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவர். உங்கள் முழுப்பெயர், செல்லப்பெயர், யாரோடு நடக்கப் போவீர்கள், நாய்க்குட்டியின் பெயர் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியாமல் இருப்பது, இப்போது நீங்கள் எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். அதை நீங்களே பதிந்து, தலைப்பும் வைத்துக் கொடுக்கிறீர்கள். ஒரு நடையைப் பார்த்தால் நேற்று எங்கே இருந்தீர்கள் என்று தெரியும். ஒரு மாத நடைகளைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்த சனிக்கிழமை எங்கே இருப்பீர்கள் என்று தெரியும்.

2013இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் தரவை, பெயர் எதுவும் இல்லாமல் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று வெறும் நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. அதுவும் செல் டவரை வைத்துச் சொன்ன தோராயமான இடம், மணிக்கணக்கில் குறித்த நேரம். உங்கள் கையில் இருக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் மீட்டர் கணக்கில், விநாடி கணக்கில் பதிகிறது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "நான் என்ன பெரிய ஆளா, என்னை யார் பார்க்கப்போகிறார்கள்?" பெரிய ஆட்களுக்காவது சுற்றிலும் பாதுகாவலர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதுகாவலர்களே மாட்டிக்கொண்ட கதை தெரியுமா? 2024 அக்டோபரில் பிரான்சின் 'லெ மோந்த்' நாளிதழ், ஓட்டம், சைக்கிள் பயணங்களைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பை வைத்தே அமெரிக்க, பிரெஞ்சு, ரஷ்ய அதிபர்களின் மெய்க்காவலர்களைப் பின்தொடர்ந்து காட்டியது. 2023இல் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைச் சந்திக்க அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் சான் பிரான்சிஸ்கோ வந்தபோது, அவர் வந்து இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே காவலர் ஒருவர் அவர் தங்கப்போகும் ஹோட்டலிலிருந்து ஜாகிங் கிளம்பி அதைப் பதிந்திருந்தார். அதற்கு முன்பு, 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் உலகம் முழுவதும் மக்கள் ஓடிய பாதைகளை ஒரே ஒளிவரைபடமாக வெளியிட்டது. ஒரு பெயர்கூட அதில் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான், ஆளில்லாத பாலைவனத்தின் நடுவே பளிச்சென்று தெரிந்த கோடுகள் ராணுவ முகாம்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. பயிற்சி பெற்ற ஆட்களின் நிலைமை இது.

சரி, செட்டிங்ஸுக்கு வருவோம். இன்றைக்கே உங்கள் நடை, ஓட்டம், சைக்கிள் ஆப்பைத் திறந்து, உங்கள் பதிவுகளை யார் பார்க்கலாம் என்ற இடத்தைப் பாருங்கள். 'எல்லாரும்' என்று இருந்தால் 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். இனி பதியப்போவதற்கு மட்டும் இந்த மாற்றம் பொருந்தும்படிதான் பல ஆப்கள் இருக்கின்றன. பழைய பதிவுகளுக்குத் தனியாக இன்னொரு பொத்தான் இருக்கும், அதையும் தேடி அழுத்துங்கள். நண்பர்கள் பார்க்கட்டும் என்று விரும்பினால் 'பின்தொடர்பவர்கள்' என்று வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். உறவு முறிவதற்கு முன்பு சேர்த்த ஆள் இன்னும் அதிலேயே உட்கார்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

"வீட்டைச் சுற்றி மறைவு வட்டம் போட்டிருக்கிறேனே" என்பார்கள் சிலர். அந்த வட்டத்துக்குள் நடந்த கோட்டை மற்றவர்களுக்குக் காட்டாமல் விடும் ஆப் வசதி அது. நல்லது, இருக்கட்டும். ஆனால் அது வீட்டை மறைக்கும், மலையடிவாரத்தை மறைக்காது. வீட்டைக்கூட முழுதாக மறைப்பதில்லை. நீங்கள் ஒருநாள் கிழக்கே, ஒருநாள் வடக்கே என்று கிளம்பினால், கோடுகள் திடீரென்று முளைக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் வட்டம் கிடைக்கும், வட்டம் கிடைத்தால் நடுப்புள்ளி கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான். வரைபடத்தில் கோட்டை மறைத்தாலும் மொத்தத் தூரத்தைச் சில ஆப்கள் குறைக்காமல் காட்டுகின்றன. அந்த வித்தியாசத்தையும் தெருக்களின் அமைப்பையும் வைத்து மறைத்த இடத்தைக் கணிக்க முடியும் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். ஆகவே பதிவைப் பொதுவில் வைத்தே தீர வேண்டும் என்றால் வரைபடத்தை முழுக்க மறைத்துவிடுங்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள எண்கள் போதும்.

உங்கள் பக்கத்தை மட்டும் சரிசெய்தாலும் போதாது. குழுவாகப் போகும்போது மற்றவரின் பதிவில் நீங்கள் சேர்ந்து நடந்ததாக ஆப் தானாகவே இணைத்துவிடலாம். நண்பர் உங்களை டேக் செய்துவிடலாம். குழுவை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒருவர் "என் படத்தைப் போடாதீர்கள்" என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கும், அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பாதைகளைப் பற்றி விமர்சனம் எழுதும் இடங்களும் இருக்கின்றன. 'அருமையான பாதை, ஞாயிறு காலை 6 மணிக்கு வந்தால் ஆளே இருக்க மாட்டார்கள், நான் எப்போதும் தனியாகத்தான் வருவேன்' என்று சொந்தப் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள். பாதையைப் பற்றி எழுதுங்கள், வழுக்குகிற இடம், தண்ணீர் கிடைக்கிற இடம் எல்லாம் மற்றவர்களுக்கு உதவும். உங்கள் கால அட்டவணை எதற்கு?

படங்கள். போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரமும் இடமும் எண்களாகப் பதிந்திருக்கும், லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஜான் மெக்கஃபி, பத்திரிகை ஒன்று வெளியிட்ட படத்துக்குள் இருந்த அந்த எண்களால்தான் குவாத்தமாலாவில் இருப்பது தெரிந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே கூடவே போகும். கேமராவுக்கான லொகேஷன் அனுமதியை எடுத்துவிடுவது எளிது. ஐபோனில் பகிரும்போது 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டு, அந்தப் படத்துக்கு மட்டும் இடத்தை நீக்கலாம்.

ஆனால் படத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்களைவிட, வெளியே தெரிவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாதை எண் எழுதிய பலகை, பின்னால் நிற்கும் கார் நம்பர், கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை. மலை முகடுகளின் வடிவத்தை வைத்து எந்த இடம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல்லவில்லை. வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் போடுங்கள். பூ நாளைக்கும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

பூ என்றதும் ஒன்று. இடத்தைச் சேர்க்காமல் இருப்பது உங்களுக்கு மட்டும் நல்லதில்லை. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் வாக்கர் கேன்யனில் ஆரஞ்சுப் பாப்பிகள் பூத்தபோது, சமூக வலைதளப் படங்களைப் பார்த்து வந்த கூட்டத்தில் அருகிலிருந்த நகரமே திணறியது, செடிகள் மிதிபட்டன. 2023இல் மறுபடி பூத்தபோது அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள்.

சில பாதைகளின் தொடக்கத்தில், நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு பதிவேடு இருக்கும். பெயர், தொலைபேசி எண், வண்டி எண், திரும்பும் நேரம். மீட்புக் குழுவுக்கு அது வேண்டும், அவசியம் எழுதுங்கள். ஆனால் எழுதிய பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறார்களே, அதை என்ன சொல்வது! தன்னுடைய எண் மட்டுமா, மேலே எழுதியிருந்த அத்தனை பேரின் எண்ணும் சேர்ந்து வெளியே போகிறது. அனுமதிச் சீட்டின் க்யூஆர் கோடும் இதே ரகம். அதையும் படத்தில் காட்டாதீர்கள்.

கார் நிறுத்துமிடத்தில் பணம் கட்டச் சொல்லி ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு இன்னொரு வகைத் தொல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பார்க்கிங் மீட்டர்கள்மேல் போலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதே மாதம் எஃப்பிஐயும் எச்சரித்தது. ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள், முடிந்தால் அதிகாரபூர்வ ஆப்பிலேயே கட்டுங்கள்.

இவ்வளவு படித்துவிட்டு, லொகேஷனையே அணைத்துவிட்டு மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழி தவறினாலோ கால் பிசகினாலோ உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவேன், திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். லைவ் லொகேஷன் அவருக்கு மட்டும், அந்த நாளுக்கு மட்டும். வீடு வந்ததும் நிறுத்திவிடுங்கள். போன வருடம் பகிர்ந்த லொகேஷன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் போன்களை நான் பார்க்கிறேன்.

ஏற்கெனவே யாரோ பின்தொடர்கிறார் என்று சந்தேகமா? பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். எதிரே வந்து நின்ற தேதி, நேரம், இடம், வந்த செய்திகள் எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு வந்தால் காவல் நிலையத்தில் காட்ட எதுவும் இருக்காது. அதன்பிறகு பதிவுகளை மூடுங்கள், சில வாரங்களுக்குப் பாதையையும் நேரத்தையும் மாற்றுங்கள், துணையோடு போங்கள். பையின் அடிப்பகுதி, காரின் சக்கர மேல்பகுதி, சீட்டுக்கு அடியில் ஏதாவது டிராக்கர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏர்டேக் போன்ற அறியாத ப்ளூடூத் டிராக்கர் உங்களோடு நகர்ந்தால் ஐபோனும் ஆண்ட்ராய்டும் பெரும்பாலும் எச்சரிக்கை காட்டும், அந்தச் செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். டிராக்கர் கிடைத்தால் படமெடுங்கள். அதோடு வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.