கடல் பெயிண்டிங்ல மொதல்ல நுரையைப் பாருங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பழைய ஆயில் பெயிண்டிங் சேக்குறவங்க கொஞ்சம் பேருதான், அதுலயும் உள்ளூர் ஓவியர்கள் வரைஞ்ச கடல் படம்னு தேடுறவங்க ரொம்ப கம்மி. அவங்களும் மூலையில இருக்குற கையெழுத்தையும் வருஷத்தையும் பாத்துட்டு நேரா விலை பேச ஆரம்பிச்சிடுறாங்க. கையெழுத்த யாரு வேணும்னாலும் போடலாமே. முட்டம் பாறையில அலை அடிக்குற படம்னா அந்த வெள்ளை நுரையைப் பாருங்க, வயசு தெரியுறது அங்கதான்.

19-ம் நூற்றாண்டு பாதி வரைக்கும் ஆயில்ல வெள்ளைன்னா ஈய வெள்ளைதான், அப்புறம் துத்தநாக வெள்ளை சேந்துச்சு, டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-கள் வாக்குல. இதுல நமக்கு ஒரு பெருமை இருக்கு, டைட்டானியம் வெள்ளை செய்யுறது இல்மனைட்ங்குற தாதுலேருந்து, அந்த இல்மனைட் நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை கருமணல்ல கெடக்கு. ஜெர்மனியில பெல்ட்ராக்கின்னு ஒரு பலே ஆளு, 1914-ல வரைஞ்சதுன்னு சொல்லி காம்பென்டாங்க்ங்குற ஜெர்மன் ஓவியர் பேர்ல ஒரு போலிப் படத்த வித்தாரு, லேப்ல பாத்தா உள்ள டைட்டானியம் வெள்ளை, அங்கேருந்துதான் அவரு குட்டு வெளிப்பட்டுச்சு.

நமக்கு லேப் கிடையாது, ஆனா கள்ளநோட்டு பாக்குற யூவி டார்ச் போதும். ரூம இருட்டாக்கிட்டு அடிச்சுப் பாத்தா துத்தநாக வெள்ளை மஞ்சப்பச்சையா மின்னும், டைட்டானியம் வெள்ளை இருண்டு கெடக்கும், படத்துக்கு மேல பூசுன பழைய குங்கிலியப் பிசின் வார்னிஷ் படம் முழுக்க பச்சையா பூத்து நிக்கும், அதுக்கு மேல பின்னாடி யாராவது டச்சப் பண்ணிருந்தா அந்த எடம் கருப்புத் திட்டா தெரியும். வார்னிஷ் தடிமனா இருந்தா கீழ உள்ளது தெரியாது, அதையும் மனசுல வச்சுக்கணும். டார்ச்சே இல்லாட்டியும் கண்ணு இருக்கே, 1962-ன்னு எழுதிருக்க படத்துல விவேகானந்தர் மண்டபம் நின்னா சிரிச்சுட்டு வந்துருங்க, அது தெறந்ததே 1970-ல.

அடுத்தது வெடிப்பு. ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயுறதில்ல, காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்து, எண்ணெய் மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கெட்டிப் படலமா மாறுது. இதுக்கு ஆளிவிதை எண்ணெய் சரியா வரும், அதுல பாதிக்கு மேல லினோலெனிக்ங்குற கொழுப்பு அமிலம், அதோட ஒவ்வொரு மூலக்கூறுலயும் ஆக்சிஜன் புடிக்க மூணு இரட்டைப் பிணைப்பு. நம்மூர் தேங்காண்ணெயில அந்தப் பிணைப்பு கிட்டத்தட்ட இல்ல, அதுல பெயிண்ட் கொழைச்சா வருஷக்கணக்கா பிசுபிசுன்னே கெடக்கும். மேல்பரப்பு சில நாள்லயே காஞ்சிரும், ஆனா நுரைக்குன்னு கத்தியால அப்பி வச்ச தடிப்பு உள்ளுக்குள்ள காய வருஷங்கள் ஆகும். மேல காஞ்சு கீழ ஈரமா இருந்தப்ப வந்த வெடிப்பு அகலமா, ஓரம் மழுங்கி, அடி நிறம் தெரியுற மாதிரி இருக்கும். வயசால வந்தது மயிர்க்கோடு மாதிரி கூரா, கான்வாஸ் வரைக்கும் எறங்கும். அடுப்புல சூடுகாட்டி பழசாக்குறவங்களும் இருக்காங்க, அதனால வெடிப்ப மட்டும் நம்பிடாதீங்க.

படத்துக்கு நம்ம கடக்காத்து பெரிய எதிரி. உப்பு, காத்து ஈரம் 75 சதவீதத்த தாண்டுனா தானே தண்ணி உறிஞ்சி கரைஞ்சிரும், குறைஞ்சா மறுபடி படிகமாகும், ஆனி ஆடியில அடுக்களை உப்பு பாத்திரத்துல நடக்குறது இதுதான். கொளச்சல்ல கடலப் பாத்த சொவத்துல தொங்குற படத்துல இது ராத்திரியும் பகலுமா நடக்கும், கான்வாஸ் ஈரத்துல ஊதும், வெயில்ல சுருங்கும், ஆணி துருப்பிடிச்சு சுத்தி உள்ள துணியத் தின்னுரும். வாங்குறதுக்கு முன்னாடி படத்தத் திருப்பி அந்த ஆணிங்களப் பாருங்க.

வீட்டுக்குக் கொண்டு வந்தா உள்சொவத்துல மாட்டுங்க, சட்டத்தோட நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி பின்னாடி காத்துப் போக எடம் விடுங்க, இல்லாட்டி பூஞ்சை வரும். பரண்ல இருட்டுல போட்டு வச்சா எண்ணெய் மஞ்சளாகி நீலக்கடல் பச்சையா தெரியும், வெளிச்சத்துல வச்சா கொஞ்சம் திரும்ப வரும், ஆனா நேர் வெயில் மட்டும் வேண்டாம். உருளைக்கெழங்கு தேய்ச்சா பளபளக்கும்னு சொல்லுவாங்க, அந்த வேல நமக்கு வேண்டாம் மக்களே, மாவு வெடிப்புக்குள்ள போய் பூஞ்சைக்கு சாப்பாடாகும். காஞ்ச மெல்லிய ப்ரஷ்ஷால தூசி தட்டுனா போதும், பெயிண்ட் உதிர்றது தெரிஞ்சா அதையும் நிப்பாட்டிட்டு படத்த மல்லாக்க வச்சு, சரிபண்ணத் தெரிஞ்ச ஆளுகிட்ட கொண்டு போங்க.