கடற்கரை மணலில் எரிமலை

பாலித் தீவுக்கு ஐந்து நாள் பயணம் என்று டிக்கெட் எடுத்த பிறகுதான் மும்பை செம்பூரிலுள்ள எங்கள் வீட்டில் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. பதினான்கு வயது மகளுக்கு நள்ளிரவில் எழுந்து பத்தூர் எரிமலையில் ஏற வேண்டும். மூட்டுவலியால் அவதிப்படும் என் அம்மாவுக்குக் கடலோரக் கோயில்களைக் காரில் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்க நாள் இல்லை. "கருங்கல்லைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? அந்தேரியிலேயே நிக்குதே!" என்று அம்மா எங்கள் ஊர் அந்தேரியின் நடுவே நிற்கும் கருங்கல் குன்றான கில்பர்ட் குன்றைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நிலவியலின்படி அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது.

பூமிக்கடியில் எங்கும் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஓட்டை கிடைத்த இடத்தில் அது பீறிடுகிறது என்பதுதான் பள்ளிக்காலம் முதல் நம்மில் பலர் மனத்தில் இருக்கும் சித்திரம். அது சரியன்று. நம் காலடியில் 100 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பாறை 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியிருந்தும் உருகாமல் திடமாகவே இருக்கிறது. மேலிருந்து அழுத்தும் எடை அதை உருகவிடுவதில்லை. பாலியில் அந்தப் பிடியைத் தளர்த்துவது சூடு அல்ல, தண்ணீர். தீவுக்குத் தெற்கே, ஜாவா அகழி எனும் ஆழ்கடல் பள்ளத்தில், இந்தியப் பெருங்கடலின் தரையைச் சுமக்கும் புவித்தட்டு ஆண்டுக்கு 6 முதல் 7 சென்டிமீட்டர் வீதம் தீவுகளுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்த அந்தப் பாறையின் கனிமங்களுக்குள் நீர் பிணைந்து கிடக்கிறது. தட்டு ஆழம் செல்லச் செல்ல, அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற, அது மேலேயுள்ள சூடான பாறைக்குள் ஏறி அதன் உருகுநிலையைச் சில நூறு டிகிரி குறைத்துவிடுகிறது. உலர்ந்த வாணலியில் வெல்லக்கட்டியைப் போட்டால் அடி கருகத் தொடங்கிய பிறகும் நடுப்பகுதி கட்டியாகவே இருக்கும். ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் மிதமான சூட்டிலேயே பாகாகும். வெல்லம் கரைகிறது, பாறை உருகுகிறது என்ற வேறுபாடு உண்டு என்றாலும், கொஞ்சம் நீர் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு எங்கள் சமையலறையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. ஆக, பத்தூருக்கு விதை போட்டது கடல்தான்.

கடைசியில் மனைவியும் மகளும் மலைக்கும், நானும் அம்மாவும் கரைக்குமாகப் பிரிந்தோம்.

பத்தூரின் உயரம் 1,717 மீட்டர். ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்ற பொதுக்கணக்கின்படி, கடற்கரையில் 25 டிகிரி இருக்கும் விடியற்காலையில் உச்சியில் 14 டிகிரிதான் இருக்கும். மும்பையின் டிசம்பர் மாதத்தையே குளிர் என்று சொல்லிப் பழகிய என் மகள் இதை நம்பாமல் ஒரு மெல்லிய சட்டையோடு போய் நடுங்கினாள். மேல்பகுதியில் பாதை முழுவதும் துளைகள் நிறைந்த கரிய சிறுகற்கள். வாயு நிறைந்த குழம்பு வானில் சிதறி, குமிழ்கள் அப்படியே உறைந்துபோன கற்கள் அவை. எடை குறைவாகவும் முனைகள் கூராகவும் இருப்பதால் அவை காலடியில் நிலைகொள்வதில்லை. இரண்டு அடி ஏறினால் ஓர் அடி சறுக்குகிறது. உச்சியருகே நீராவி கசியும் பிளவுகளில் வழிகாட்டிகள் முட்டையை வைத்து வேகவைத்துத் தருகிறார்கள். அந்த உயரத்தில் நீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும், முட்டையின் மஞ்சள்கரு இறுகுவதற்கு 70 டிகிரியே போதும் என்பதால் காலைச் சிற்றுண்டிக்குக் குறையொன்றும் நேரவில்லையாம்.

எல்லோரும் சூரிய உதயத்துக்காகவே அங்கே ஏறுகிறார்கள். என்னைக் கேட்டால், உதயத்துக்குப் பிந்திய அரை மணி நேரம்தான் முக்கியம். அந்த வெளிச்சத்தில்தான், தாம் ஏறி நிற்பது ஒரு பெரிய பள்ளத்தின் நடுவிலுள்ள சிறிய கூம்பு மட்டுமே என்பதும், தொலைவில் மலைத்தொடர்போல் வளைந்து தெரிவது பழைய எரிமலையின் விளிம்பு என்பதும் புலப்படும். சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன்பும், பின்னர் 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் நிகழ்ந்த இரு பெருவெடிப்புகளில் அடியிலிருந்த குழம்பு வெளியேறிவிட, தாங்குவதற்கு ஒன்றுமில்லாத கூரை உள்ளே சரிந்தது. அப்படிச் சரிந்த பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். பத்தூர் ஏரி அதற்குள்தான் கிடக்கிறது. 1926-இல் நடுக்கூம்பிலிருந்து வழிந்த குழம்பு ஊரையும் கோயிலையும் மூடியதால், மக்கள் விளிம்பின் மேலே குடியேறிக் கோயிலையும் அங்கே மீண்டும் எழுப்பினார்கள்.

அதே காலையில் நானும் அம்மாவும் கிழக்குக் கரையில், கெரமாஸ் பகுதியில் நின்றோம். மணல் கறுப்பாக இருந்தது. மகள் பள்ளிச் செயல்முறைக்காகப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் சென்றிருந்தேன்; மணலில் ஒரு முறை இழுத்ததும் உறையின் அடியில் கரிய முட்கள் சிலிர்த்து நின்றன. மேக்னடைட் எனும் இரும்புக் கனிமம் அது. எரிமலைகளின் சரிவிலிருந்து மழையும் ஆறுகளும் அரித்துக் கொண்டுவரும் பாறைத்துகளை அலைகள் புடைக்கின்றன. முறத்தில் பதர் பறந்து மணி தங்குவதுபோல, இலேசானவை இழுபட்டுப்போக, கனமான கரிய மணிகள் கரையில் தங்கிவிடுகின்றன. பத்து மணி வெயிலில் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை என்பதையும் குடும்பத்தோடு போகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது.

மாலையில் தெற்கே உலுவத்துக் கோயிலுக்குப் போனபோது மணல் வெள்ளையாகிவிட்டது. காந்தத்தில் ஒரு மணியும் ஒட்டவில்லை. அந்தத் தென்முனை எரிமலைக் கல்லன்று. கடலடியில் பவளப் பாறைகளாக வளர்ந்து, பின்னர் தட்டுகளின் நெருக்குதலால் மேலே உயர்ந்த சுண்ணாம்புக்கல். கோயில் நிற்கும் செங்குத்துப் பாறையின் உயரம் மட்டும் சுமார் 70 மீட்டர். ஒரே தீவில் இரு நிற மணல் இருப்பதற்கு இதுதான் காரணம், இரண்டையும் உருவாக்கியது அதே தட்டு மோதல்தான். மேற்கே தனா லோட் கோயிலைத் தாங்கும் பாறையை அலைகள் அரித்துவிட்டதால், அதன் ஒரு பகுதி செயற்கைப் பாறையால் சீரமைக்கப்பட்டிருக்கிறது. அம்மா அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் முயன்று தோற்றார்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலை ஆபத்து, கரை பத்திரம் என்று பிரிப்பது எளிது. நிகழ்வுகள் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு; நான்காவதுதான் உச்சம். 2023 டிசம்பரில் சுமத்ராவின் மராப்பி எரிமலை இரண்டாம் நிலையில் இருந்தபோதே வெடித்து, மலையேறியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளத்துக்கு 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்ற அறிவுரை அப்போது நடப்பில் இருந்தது. 2018 டிசம்பர் 22 இரவு அனக் கிரக்கத்தா எனும் எரிமலைத் தீவின் ஒரு பக்கம் கடலில் சரிந்தபோதோ, எழுந்த ஆழிப்பேரலையில் மாண்ட 400-க்கும் மேற்பட்டவர்கள் கரையில் இருந்தவர்கள். எனவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், புறப்படும் நாளன்று எரிமலையின் நிலை எண்ணைப் பார்த்துக்கொள்வது மழை வருமா என்று பார்ப்பதைவிட முக்கியம்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தேரிக்குப் போனோம். கில்பர்ட் குன்று சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பசால்ட் எனும் கரிய எரிமலைப் பாறைத் தூண்களின் கட்டு; வயது ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள். இங்கே பாறையை உருக்கியது நீர் அன்று. ஆழத்திலிருந்து மேலெழுந்த சூடான பாறைமீதிருந்த அழுத்தம் குறைந்ததாலேயே அது உருகி, தக்காணம் முழுவதையும் மூடிய பெருக்கின் பிற்கால மிச்சமாக இங்கே உறைந்தது. உறையும் குழம்பு சுருங்கும். சுருங்கும்போது காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடிக்கும். அந்த வெடிப்புகள் குளிர்ச்சி இறங்கும் திசையில் நீண்டு, ஐந்து பக்கமும் ஆறு பக்கமும் கொண்ட தூண்களாகப் பிரிக்கும். அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டார். மகள் அடிவாரத்துத் தூசியில் காந்தத்தை மெல்ல இழுத்தாள். உறையின் அடியில் கெரமாஸில் பார்த்த அதே கரிய முட்கள் சிலிர்த்து நின்றன.